நட்டு மேல் கலையாத பொட்டு

“செஞ்சவன் பேரை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க ஆபா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

ரூபீனா இதைச் சொன்னபோது அவள் முன்னால் இருந்த டீ ஆடை கட்டியிருந்தது. வந்து அரை மணி நேரமாகியும் அவள் அதைத் தொடவில்லை. இருபத்து நான்கு வயது, மீர்சாகிப்பேட்டைப் பெண். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அழுது முடித்துவிட்டு வருகிறவர்களிடம் பேசுவது சுலபம். அழாமல் வருகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

நான் சண்முகவேல். லஸ் கார்னரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கும் இந்தத் துப்பறியும் அலுவலகத்தின் உதவியாளர், டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் நானேதான். தி.நகரில் என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். புடவையை எட்டாவது தடவை பிரிக்கச் சொன்ன ஓர் அம்மாவிடம், “நீங்க வாங்க வந்தீங்களா, மடிக்கக் கத்துக்க வந்தீங்களா?” என்று கேட்டதற்காக என்னைக் கடையை விட்டு விரட்டிவிட்டார். அந்த வாய்க்குத்தான் இங்கே சம்பளம்.

சம்பளம் கொடுப்பவர் கைசர் ஜஹான். ஐம்பத்திரண்டு வயது. எனக்கும் ஊருக்கும் ‘ஆபா’, அதாவது அக்கா. பதினெட்டு வருஷம் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலை பார்த்து, வீடு வீடாகப் போய் அடுப்பும் டியூபும் சோதித்தவர். ‘இந்த டியூபை மாத்துங்க’ என்று அவர் சொல்லியும் மாற்றாத வீடுகளின் விலாசம் இன்றைக்கும் அவருக்கு மனப்பாடம். மறக்கிற வழக்கமும் இல்லை, மன்னிக்கிற வழக்கமும் இல்லை.

“விஷயத்தைச் சொல்லு,” என்றார் ஆபா.

ரூபீனா சொன்னாள். அவளுடைய அப்பா அக்பர் பாஷாவுக்கு கேஸ் பார்பெக்யூ அடுப்புகள்தான் தொழில். ஈசிஆர் பக்கம் கடலோர வீடுகளில் ஆசைப்பட்டு வாங்கிப் போட்டிருக்கும் அடுப்புகளைச் சுத்தம் செய்வது, பழுது பார்ப்பது, விருந்து நாளில் வந்து கொளுத்திக் கறி சுட்டுத் தருவது. முப்பது வருஷமாக ஒரு விபத்து கிடையாது. ‘ஜாக்கிரதை பாய்’ என்றால்தான் பாலவாக்கத்தில் தெரியும். நாலு நாளைக்கு முன்னால் பாலவாக்கத்தில் கனகராஜ் என்பவர் வீட்டு விருந்தில் அவர் அடுப்பைக் கொளுத்தினார். அடியில் சேர்ந்திருந்த கேஸ் குப்பென்று பற்றி இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. கேஸ் குழாயின் நட்டு தளர்ந்திருந்ததாம். அலட்சியம் என்று கனகராஜ் போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்.

“இன்னிக்கு ரெண்டு மணிக்கு எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் எழுதறாரு,” என்றாள் ரூபீனா. “அப்பா ‘என் தப்புதான்’னு சொல்லப் போறாரு.”

“தப்பு அவருதா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன் சொல்றாரு?”

“அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு ஆபா.” அவள் விரல் விட்டு எண்ணினாள். “நட்டை இறுக்கினேன்னு முதல் நாள் சொன்னாரு. ரெண்டாம் நாள் ‘இறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன்’னாரு. நேத்து ‘மறந்துட்டேன் போலக்கீதும்மா, வயசாயிடுச்சு’ங்கறாரு. கை வெந்ததுக்குக்கூட அவரு அழுவல. இதுக்கு அழுவறாரு.”

ஆபா பையைத் தோளில் மாட்டினார். “வேலு, வண்டியை எடு.”

அடையாறு பாலத்தில் ஒரு மினி லாரி எங்களை நசுக்கப் பார்த்தது. அதன் டிரைவரின் பரம்பரையை நான் விசாரித்து முடிப்பதற்குள் பின்சீட்டில் ஆபா கேள்வியை ஆரம்பித்துவிட்டார்.

“உங்கப்பா வேலை செய்யற விதத்தைச் சொல்லு. ஒண்ணு விடாம.”

“சமைச்சு முடிச்சதும் பத்து நிமிஷம் வெறுந்தீ எரிய விடுவாரு. கம்பியில ஒட்டின கொழுப்பெல்லாம் சாம்பலாயிடும். அப்புறம் பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சு, ஈரத்துணியால தொடைப்பாரு. பிரஷ் முடி ஒண்ணு கம்பியில தங்கிட்டா கறியோட தொண்டைக்குப் போயிடும்பாரு.”

“பர்னர்?”

“கழட்டி ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால குத்துவாரு. டியூப்புக்குள்ள குளவி பூந்து மண்கூடு கட்டிடும் ஆபா, கடலோர வீட்ல அது பெரிய தொல்லை. அடைச்சுதுன்னா தீ பின்னால திரும்பும். கம்பிக்கு லேசா கடலை எண்ணெய் தடவுவாரு, உப்புக் காத்துக்கு. நல்லா ஆறினதும்தான் உறை போடுவாரு. ரெகுலேட்டரைக் கழட்டி, சிலிண்டருக்கு மூடி போட்டு, வெளிய நிழல்ல நிக்க வைப்பாரு. சிலிண்டரை வீட்டுக்குள்ள வச்சா அந்த வீட்ல அடுப்பு கொளுத்த மாட்டாரு. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் சரி.”

எங்கள் வீட்டில் குக்கர் கேஸ்கட்டை மாற்று என்று அம்மா மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டினேன்.

“கொளுத்தறதுக்கு முன்னாடி?” என்றார் ஆபா.

“ஷேவிங் பிரஷ்ஷால சோப்பு நுரை அடிச்சு மூணு ஜாயின்ட்லயும் கெட்டியா அப்புவாரு. குமிழி வந்தா கேஸ் ஒழுவுதுன்னு அர்த்தம். வரலைன்னா துணியால தொடைச்சிட்டு, மக்ரிப் தொழுதுட்டு வந்து கொளுத்துவாரு.”

“தொழுகைக்கு எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம்.”

ஆபா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் என்னவெல்லாம் செய்யலாம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

“அந்த வீட்ல யார் மேல உனக்கு சந்தேகம்?” என்று நான் கேட்டேன்.

“கனகராஜ்தான். புகார் குடுத்தவரு அவருதானே? அவரு மச்சினர் ராகேஷ் ஒருத்தர்தான் அங்க மனுஷன். தெனமும் ஆஸ்பத்திரிக்கு வர்றாரு, ஆரஞ்சு வாங்கிக்கினு. அப்பா பக்கத்துல உக்காந்து ஆறுதல் சொல்றாரு.”

கனகராஜின் முகத்தைப் பார்க்காமலேயே அதில் குத்துவதற்கு ஓர் இடம் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டேன்.

முகம் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கனகராஜ் தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். குரலும் அண்டாவை உருட்டுகிற மாதிரிதான். கேட்டைப் பாதி திறந்து, முழு வயிற்றால் அடைத்துக்கொண்டு நின்றார்.

“போலீஸ் பார்த்தாச்சு. நீங்க யாரு பார்க்க?”

“பதினெட்டு வருஷம் கேஸ் அடுப்பு சோதனை பண்ணவ,” என்றார் ஆபா. “உங்க சமையலறை டியூப் காலாவதியாகி ஏழு மாசமாச்சு. ஜன்னல் வழியாவே தெரியுது.”

கனகராஜ் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நாங்கள் உள்ளே இருந்தோம்.

“விடுங்க மாமா, பார்த்துட்டுப் போகட்டும்,” என்று ஓர் இளைஞன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, பணிவான சிரிப்பு, கையில் தட்டு, தட்டில் இளநீர். “ரூபீனா, பாய் எப்படி இருக்காரு? மத்தியானம் நானே வரலாம்னு இருந்தேன்.” இவன்தான் ராகேஷ். அக்கா வீட்டோடு இருந்து கடையைக் கவனித்துக்கொள்கிறான். நான் இரண்டு இளநீர் எடுத்துக்கொண்டேன்.

அடுப்பு பின்புறத் தோட்டத்தில், கடலைப் பார்த்த சுவரோரமாக, தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. எஸ்.ஐ. யாரும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். தார்ப்பாயை விலக்கினேன். நான்கு பர்னர் வைத்த பெரிய அடுப்பு. அடிப்பெட்டியும் பின்பக்கமும் கரி.

“நடந்தது இதுதான்,” என்றார் கனகராஜ். “ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாய் வந்து எல்லாம் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினாரு. மறுநாள் பூஜை. என் சம்சாரம் வீட்ல இருக்கற அத்தனை சாமானுக்கும் பொட்டு வச்சா, இதுக்கும் வச்சா. மறுநாள் விஜயதசமி, யாரும் இந்தப் பக்கம் வரலை. அதுக்கு அடுத்த நாள் விருந்து. சாயங்காலம் பாய் வந்து கொளுத்தினாரு, பத்திக்கிச்சு. நட்டு லூஸ். நட்டு மேல பூஜைப் பொட்டு அப்படியே இருக்கு. பூஜைக்கு அப்புறம் எவனாவது திருப்பியிருந்தா பொட்டு கலைஞ்சிருக்கும்ல? அப்ப லூஸா விட்டது யாரு?”

இந்த ஆள் கத்துகிற பேர்வழி என்று நினைத்தேன், கணக்காகப் பேசுகிறாரே.

“வேலு, அடியில போய்ப் பாரு,” என்றார் ஆபா.

“வெள்ளைச் சட்டை ஆபா.”

“உங்கப்பா ஜவுளிக்கடைதானே வச்சிருக்காரு?”

அடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து படுத்து, தலையைச் சாய்த்து, செல்போன் டார்ச்சை அடித்தேன். அப்போதுதான் நட்டே கண்ணில் பட்டது. குழாயின் மரை ஒன்றரைச் சுற்று வெளியே தெரிந்தது, தளர்ந்த நட்டுதான். அதன் மேல் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். பாதி நட்டின் மேல், பாதி குழாயின் மேல். நட்டைக் கால் சுற்றுத் திருப்பியிருந்தாலும் அந்தப் பொட்டு இரண்டாகப் பிரிந்திருக்கும். முழு நிலா மாதிரி இருந்தது சனியன்.

எழுந்து உதறிக்கொண்டேன். ரூபீனா என் முகத்தைப் பார்த்தாள்.

“பொட்டு முழுசா இருக்கு ஆபா,” என்றேன். சொல்லவே பிடிக்கவில்லை.

ஆபா சிலிண்டரிடம் போனார். அது அடுப்பிலிருந்து ஐந்தடி தள்ளி, தென்னை நிழலில் நின்றது. ரெகுலேட்டர் மாட்டியபடியே இருந்தது. சிலிண்டரின் கழுத்தைப் பார்த்தார். டியூப் ரெகுலேட்டருக்குள் நுழையும் இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது உதட்டில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு வந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

“வீட்டம்மா எங்க?” என்றார் என்னிடம் மெதுவாக. “பூஜை போட்டோ எடுத்திருப்பாங்க. வாங்கிட்டு வா.”

கனகராஜின் மனைவி மீனாட்சி சமையலறையில் இருந்தார். என் பேச்சைக் கேட்டதுமே, “தம்பிக்குத் திருநெல்வேலிப் பக்கமோ?” என்றார். அப்பாவுக்கு அம்பாசமுத்திரம் என்றேன். அவருக்குக் கடையநல்லூராம். அப்புறம் போட்டோ கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவரே காட்ட ஆரம்பித்தார். கார், ஸ்கூட்டர், மிக்ஸி, இன்வெர்ட்டர், இஸ்திரிப் பெட்டி, டிவி ரிமோட் வரைக்கும் பொட்டு.

“ரிமோட்டுக்குமா அக்கா?”

“அது உழைக்கலியா? உங்க அண்ணாச்சி கையில ராத்திரி பகலா உழைக்குதே!”

நாற்பத்தோராவது போட்டோவில் அடுப்பு இருந்தது. பளபளவென்று, கதவு திறந்து, டியூபை முன்னால் இழுத்துப் போட்டு. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு தடவை எண்ணினேன், இன்னொரு தடவையும் எண்ணினேன். அடுத்த நிமிஷம் அந்த அம்மாவையும் போனையும் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு ஓடினேன்.

“எத்தனை?” என்றார் ஆபா.

“மூணு ஆபா. நட்டு மேல ஒண்ணு, டியூபும் ரெகுலேட்டரும் சேர்ற இடத்துல ஒண்ணு, சிலிண்டர் கழுத்துல ஒண்ணு.”

ஆபா கனகராஜைப் பார்த்தார். “இப்ப சிலிண்டர் கழுத்துல பொட்டு இல்லை. ரெகுலேட்டர்லயும் இல்லை. நட்டுல மட்டும் இருக்கு. ஏன்?”

“தீயில போயிருக்கும்.”

“தீ பிடிச்சது இங்க. பொட்டு போனது அஞ்சடி தள்ளி. தீக்குள்ள இருந்த பொட்டு பத்திரமா இருக்கு, நிழல்ல இருந்த பொட்டு கருகிடுச்சா?”

கனகராஜ் சிலிண்டரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூணு ஜாயின்ட்லயும் பாய் சோப்பு நுரை போட்டுத் தொடைச்சிருந்தா மூணு பொட்டும் அழிஞ்சிருக்கணும்,” என்றார் ஆபா. “நுரையே போடலைன்னா மூணும் இருக்கணும். ஒண்ணு மட்டும் எப்படிங்க இருக்கும்?”

ஆபா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், மண்ணில் முழங்கால் போட்டார். கையை உள்ளே விட்டுச் சுண்டுவிரல் நகத்தால் பொட்டின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார். நான் டார்ச் அடித்து, போனில் படம் பிடித்தேன். சந்தனம் பொருக்காக வந்தது. அதற்குக் கீழே கரி இருந்தது.

“பூஜை அன்னைக்கு வச்ச பொட்டா இருந்தா பொட்டு மேல கரி இருக்கும். இங்க கரி மேல பொட்டு இருக்கு. தீ அணைஞ்சதுக்கு அப்புறம் யாரோ வச்சிருக்காங்க.” ஆபா எழுந்தார். “பாய் தொழுகைக்குப் போன நேரத்துல ஒருத்தன் ஸ்பானர் போட்டு நட்டைத் தளர்த்தியிருக்கான். பாய் ஏற்கெனவே பொட்டைத் தொடைச்சது அவனுக்குத் தெரியாது. தன் ஸ்பானர் பட்டுத்தான் அழிஞ்சுதுன்னு பயந்து, புதுசா ஒண்ணு வச்சிட்டான். தான் தொட்ட இடத்துக்கு மட்டும் வச்சான் பாருங்க, அங்க மாட்டிக்கிட்டான்.”

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கனகராஜின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்துவிட்டேன். “வீட்ல வேலை செய்ய வந்த மனுஷனைப் பொசுக்கிட்டு, புகாரும் நீயே குடுப்பியா?”

“வேலு, கையை எடு,” என்றார் ஆபா. “கனகராஜ், எஸ்.ஐ.க்கு இந்தப் பொட்டைக் காட்டினது யாரு? நீங்களா?”

“நானா?” கனகராஜ் திணறினார். “நான் குனிஞ்சு என் கால் கட்டைவிரலைப் பார்த்தே நாலு வருஷமாச்சும்மா. ராகேஷ்தான் கூட்டிட்டுப் போய்க் காட்டினான்.”

நான் காலரை விட்டேன். எல்லோரும் ராகேஷைப் பார்த்தோம். இளநீர்த் தட்டு இன்னும் அவன் கையில் இருந்தது.

“அக்கா பொட்டு வச்சேன்னு சொல்லிட்டிருந்தாங்க. அதான் இருக்கான்னு பார்த்தேன்,” என்றான். சிரிப்பு மாறவில்லை. “பார்த்தது தப்பா?”

“என் தம்பியைச் சந்தேகப்படாதீங்கம்மா,” என்று மீனாட்சி குறுக்கே வந்தார். “அவன் அப்படிப்பட்டவன் இல்லை. நான் பாய் கையில தண்ணி ஊத்திட்டு இருக்கேன், எல்லாரும் பதறிக்கிட்டு நிக்காக. இவன் ஒருத்தன்தான் ஓடி வந்து, ‘அக்கா சந்தனம் குடு, பாய் கைக்குத் தடவணும், குளுமையா இருக்கும்’னு கேட்டான். பூஜை ரூம்ல தட்டோட இருக்கு எடுத்துக்கோன்னேன்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குரல் இறங்கியது. ஆபா ரூபீனா பக்கம் திரும்பினார்.

“ஆஸ்பத்திரியில அப்பா கையில சந்தனம் இருந்துச்சா?”

“இல்ல,” என்றாள் ரூபீனா. அவள் கண் ராகேஷை விட்டு நகரவில்லை. “டாக்டர் முதல் கேள்வியே அதான் கேட்டாரு. ஒண்ணுமே தடவல, வெறும் தண்ணி மட்டும்தான்னு பார்த்துட்டு நல்லதாப் போச்சுன்னாரு.”

“அப்ப அந்தச் சந்தனம் எங்க போச்சு ராகேஷ்?” என்றார் ஆபா.

தட்டு கீழே விழுந்தது. இளநீர் மண்ணில் ஓடியது. மீனாட்சி தலையிலடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ராகேஷின் சிரிப்பு போய்விட்டது. அதற்குப் பதில் வந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பல மாசமாக உள்ளே வைத்துக் காய்ச்சிய முகம்.

“சித்திரையில இதே இடத்துல விருந்து,” என்றான். “சிந்து வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க. எனக்குப் பார்த்த பொண்ணு. எல்லாம் பேசி முடிஞ்ச மாதிரி. சிலிண்டரை நான் மாடிப்படிக்கு அடியில, இன்வெர்ட்டர் பக்கத்துல வச்சிருந்தேன். அதுக்குப் போயி அந்த ஆளு அடுப்பு கொளுத்த மாட்டேன்னுட்டான். நான் சத்தம் போட்டேன். ‘தம்பி, இத்தனை குடும்பம் உள்ள உக்காந்திருக்கு, நீங்களே தூக்கியாந்து வெளிய வைங்க’ன்னான். அந்தப் பொண்ணு பார்க்க, அவ அப்பா பார்க்க, பட்டு வேட்டியோட சிலிண்டர் தூக்கினேன். ரெண்டு நாள்ல ‘பையனுக்குப் பொறுப்பு பத்தாது’ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“அதுக்கு?” என்றேன் நான்.

“ஜாக்கிரதை பாய், ஜாக்கிரதை பாய்னு ஊரெல்லாம் பேரு. அந்தப் பேரை ஒழிக்கணும்னு நெனைச்சேன். அவ்வளவுதான். சும்மா குப்புனு பத்தும், நாலு பேரு சிரிப்பாங்கன்னு நெனைச்சேன். கை வேகும்னு நெனைக்கலை.”

“சரி, கை வேகும்னு நெனைக்கலை,” என்றார் ஆபா. குரல் உயரவே இல்லை. “அப்புறம் நாலு நாளா ஆரஞ்சோட போய் அவரு பக்கத்துல உக்காந்து என்ன சொன்னே?”

பதிலை ரூபீனா சொன்னாள்.

“‘வயசாச்சு பாய், மறந்திருப்பீங்க, எல்லாருக்கும் வர்றதுதான்.’ தெனமும் இதான். நான் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தேன். இவருக்கு டீ வேற வாங்கிக் குடுத்தேன்.”

கனகராஜ் கையை ஓங்கினார். அந்தக் கை விழுந்திருந்தால் ராகேஷ் கடல்வரைக்கும் போயிருப்பான். நான் தடுக்கிற உத்தேசத்தில் இல்லை. ரூபீனாதான் நடுவில் போய் நின்றாள்.

“அடிக்காதீங்க சார். ரெண்டு அடி வாங்கினா இவருக்கு மனசு ஆறிடும். ஆறக்கூடாது.” அவள் ராகேஷின் முகத்துக்கு நேராக நின்றாள். “ஒரு மணிக்கு அப்பாவுக்குக் கஞ்சி குடுக்கணும். அவரால ஸ்பூனைப் புடிக்க முடியாது. நாலு நாளா நான் ஊட்டறேன். இன்னிக்கு நீங்க ஊட்டுங்க. ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்.”

ராகேஷ் முதல் தடவையாகப் பயந்தான். “என்னை இப்பவே போலீஸ்ல குடுத்துடுங்க,” என்றான்.

“ஏறுடா வண்டியில,” என்றேன்.

அடையாற்றில் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வார்டில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் அக்பர் பாஷா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், வெள்ளைத் தாடி. முழங்கை வரை கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணை மேல் வைத்திருந்தார்.

“வா நைனா,” என்றார் ராகேஷைப் பார்த்து. “இன்னிக்கும் வந்துட்டியா? உனக்கு இன்னா தலையெழுத்து, ஒரு மறதிக்காரனைப் பார்க்க தெனமும் வந்துக்கினு கீறே.”

ரூபீனா பிளாஸ்க்கிலிருந்து கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி ராகேஷ் கையில் கொடுத்தாள். அவன் கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தான். நானும் ஆபாவும் கதவருகே நின்றோம்.

முதல் ஸ்பூன் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது ஸ்பூன் பல்லில் இடித்தது.

“மெதுவா நைனா, அவசரமில்ல,” என்றார் அக்பர் பாஷா. “கிண்ணத்தை அடியில புடிக்காதே, சூடா கீது. கை சுட்டுக்கும்.”

ராகேஷ் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டான்.

“பாய், நட்டைத் தளர்த்தினது நான்தான்.”

அக்பர் பாஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில்காரர் தலையைத் திருப்பினார். பாய் திட்டுவார், எட்டி உதைக்கவாவது செய்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“நான் தொழப் போனப்பவா?”

“ஆமா பாய்.”

“அப்போ நட்டு எப்படி இருந்துச்சு?”

“பாய்...”

“சொல்லு நைனா. லூசா இருந்துச்சா, டைட்டா இருந்துச்சா?”

“ரொம்ப டைட்டா இருந்துச்சு பாய். ஸ்பானரை ரெண்டு கையால புடிச்சு இழுத்துத்தான் திருப்ப முடிஞ்சுது.”

அக்பர் பாஷா கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தாடிக்குத் தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. ரூபீனா ஓடிப்போய்த் துடைத்தாள். நாலு நாளாக அழாத பெண் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

“கேட்டியாம்மா?” என்றார் அவர். “டைட்டா இருந்துச்சாம். ரெண்டு கையால இழுத்தானாம்.”

“கேட்டேன்ப்பா.”

“மன்னிச்சிடுங்க பாய்,” என்றான் ராகேஷ்.

“அதெல்லாம் முடியாது நைனா,” என்றார் அக்பர் பாஷா. கோபமே இல்லாத குரலில் சொன்னார். “என் கையை எரிச்சே, அது தோலு, வளந்துடும். என் மூளையை நானே நம்பாம பண்ணியே, நாலு நாளு. அதுக்கு மன்னிப்பு எங்கிட்ட இல்ல.”

சரியாக இரண்டு மணிக்கு எஸ்.ஐ. ஃபைலோடு வந்தார். ஆபா போட்டோக்களை நீட்டிக்கொண்டே நடந்ததைச் சொல்ல, அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பரம திருப்தியாக இருந்தது. கடைசியில் அவர் கட்டிலருகே வந்து, “அப்ப வாக்குமூலம்...” என்று இழுத்தார்.

“என்னுது வேணாம் சார். இவருது எழுதிக்குங்க,” என்றார் அக்பர் பாஷா. “இங்கயே எழுதுங்க. இந்த வார்டுல எல்லார்கிட்டயும் என் தப்புதான்னு நான் சொல்லியிருக்கேன். அவங்களும் கேக்கட்டும்.”

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். ராகேஷ் ஸ்டூலிலிருந்து எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தான்.

“சத்தமா சொல்லு,” என்றார் அக்பர் பாஷா.